பெட்டியில் எழுதிய பவுண்டும் கையில் இருக்கும் நரம்பும்: கடல் தூண்டிலுக்குப் பிரெய்டு தேர்ந்தெடுப்பது எப்படி

தூண்டில் சாமான் கடையில் பிரெய்டு வேண்டும் என்றதும் வரும் முதல் கேள்வி, "எத்தனை பவுண்டு?" எவ்வளவு இழுவை வரை அறாமல் தாங்கும் என்பதுதான் அந்தப் பவுண்டு. வாங்க வந்தவரும் ஒரு எண்ணைச் சொல்வார். முப்பது என்பார், நாற்பது என்பார், பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் இருந்தால் எண்பது என்பார். அந்த எண்பது பவுண்டு நரம்பு ஒரு கிலோ பாறை மீன் இழுத்ததற்கே அறுந்து வந்தால் "இந்த கம்பெனி சரியில்லை" என்று முடிவாகிவிடும். அடுத்த முறை நூறு பவுண்டு வாங்குவார்கள். அதுவும் அறும்.

தவறு பெரும்பாலும் கம்பெனியில் இல்லை. பிரெய்டு நட்டநடுவில், நல்ல நிலையில் இருக்கும் இடத்தில் அறுவது மிக அரிது. முடிச்சில் அறும், கல்லில் உரசிய இடத்தில் அறும், ரீலில் தளர்வாகச் சுற்றியதால் சிக்கிக்கொண்டு அறும். இந்த மூன்றையும் பெட்டியில் எழுதிய பவுண்டு சரிசெய்யாது. பவுண்டை முதலில் பார்க்காதீர்கள், தடிமனை முதலில் பாருங்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பெயர் பற்றி ஒரு சொல். நம் கடற்கரையில் நரம்பு என்றாலே நைலான் ஒற்றை இழைதான் நினைவுக்கு வரும். இலங்கையில் அதைத் தங்கூசி என்பார்கள். இங்கே அதை நைலான் நரம்பு என்றும், பல மெல்லிய இழைகளைச் சடை போலப் பின்னிச் செய்வதைப் பிரெய்டு என்றும் சொல்கிறோம்.

## கேரி பேக்கும் பிரெய்டும் ஒரே குடும்பம்

வீட்டில் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கேரி பேக்கிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரு முனைகளையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் தாராளமாக நீளும். நடுப்பகுதி ஒடுங்கி, வெளுத்து, நாடா போல ஆகும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த நாடா நீள மறுக்கும். விரலில் சுற்றி இழுத்தால் தோலை அழுத்தும். அகலமாக இருந்தபோது எளிதில் நீண்ட அதே பிளாஸ்டிக், ஒடுங்கியபின் இப்படி முறுக்கேறிவிடுகிறது.

பாலிஎத்திலீன் என்னும் அந்தப் பிளாஸ்டிக், நீளமான சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. பையில் அவை வாராத தலைமுடி போலச் சிக்கலாகக் கிடக்கின்றன. மெதுவாக இழுத்தபோது நாம் அந்த முடியை வாரிவிட்டோம். எல்லாச் சங்கிலிகளும் இழுக்கும் திசையிலேயே படிந்ததும் இழுவிசையைச் சேர்ந்து தாங்குகின்றன.

பிரெய்டு இழையும் பாலிஎத்திலீன்தான். அதன் சங்கிலிகள் கேரி பேக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு நீளமானவை. அவ்வளவு நீளமான முடியை உருக்கி இழையாக்க முடியாது, உருகினாலும் கெட்டிப் பசை போல நிற்கும். அதனால் ஒரு கரைப்பானில் கரைத்து, களி போல ஆக்கி, இடியாப்ப அச்சில் பிழிவது போல நுண்ணிய துளைகள் வழியே பிழிந்து, பிறகு பல மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். இதற்கு ஜெல் நூற்பு என்று பெயர். நெதர்லாந்தின் டி.எஸ்.எம். உருவாக்கிய டைனீமா, அமெரிக்காவின் ஸ்பெக்ட்ரா, ஜப்பானின் டோயோபோ தயாரிக்கும் இசானாஸ் எல்லாம் இந்த வகை இழைகளே. தூண்டில் கம்பெனிகள் பலவும் இப்படிப்பட்ட இழையை வாங்கிப் பின்னி, மேல்பூச்சு கொடுத்துத் தங்கள் பெயரில் விற்கின்றன.

இதிலிருந்தே பிரெய்டின் குணங்கள் எல்லாம் வருகின்றன. வாரிப் படிந்த சங்கிலிகள் என்பதால் எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலு. நைலான் தண்ணீரை உறிஞ்சி ஓரளவு வலுவிழக்கும், பாலிஎத்திலீன் தண்ணீரை உறிஞ்சாது. அதன் அடர்த்தி சுமார் 0.97, அதனால் கடல்நீரில் மிதக்கும். மெழுகு போல வழுக்கும். உருகுநிலையோ குறைவு. நைலான் 220 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், இந்த இழை 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். வழுக்கலும் சூடு தாங்காமையும் பின்னால் முடிச்சைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இதுவரை: பிரெய்டு என்பது மிக நீளமான மூலக்கூறுகளை ஒரே திசையில் வாரி, இழையாக்கி, சடையாகப் பின்னியது. நேராக இழுத்தால் அசாத்திய வலு. உரசலும் சூடும் அதன் பலவீனம்.

## நீளாத நரம்பு என்ன செய்யும்?

கிணற்றில் வாளி இறைக்கக் கயிற்றுக்குப் பதில் சைக்கிள் டியூபைக் கட்டினால் எப்படி இருக்கும்? நீங்கள் ஒரு முழம் இழுத்தாலும் வாளி அசையாது, டியூப்தான் நீளும். வாளி தரை தட்டியதா என்பதும் கைக்குத் தெரியாது. நைலான் நரம்பு அறுவதற்கு முன் தன் நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை நீளும். பிரெய்டு 3 முதல் 5 சதவீதம் வரைதான்.

50 மீட்டர் நரம்பு வெளியே இருக்கிறது என்று வையுங்கள். அறும் அளவுக்கு இழுத்தால் நைலான் பத்து மீட்டருக்கு மேல் நீண்டுகொடுக்கும், பிரெய்டு இரண்டு மீட்டர் சுமாருக்கு. நாம் அவ்வளவு விசையில் இழுப்பதில்லை என்றாலும் விகிதம் இதுதான். அதனால்தான் பிரெய்டில் ஜிக் (கனமான உலோகப் போலி இரை) தரை தட்டுவதும், மீன் முகர்ந்து பார்ப்பதும், அடியில் இருப்பது மணலா கல்லா என்பதும் விரலுக்குத் தெரிகிறது. 60 மீட்டர் ஆழத்தில் கலவா கடித்தால் தூண்டில் கம்பான ராடைத் தூக்கியதுமே கொக்கி ஏறும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நைலான் நீண்டு வாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியைப் பிரெய்டு வாங்கிக்கொள்ளாது. மீன் படகருகே திடீரென்று திரும்பிப் பாயும்போது அந்த வெட்டு முழுவதும் முடிச்சிலும் கொக்கியிலும் மீனின் வாயிலும் இறங்கும். நைலானில் பழகியவர் பிரெய்டுக்கு மாறியதும் மீன் வாயைக் கிழித்துக்கொண்டு போவது அதிகமாவது இதனால்தான். நரம்பு செய்யாத வேலையை ராடின் வளைவும், இழுவை மீறினால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கும் செய்ய வேண்டும்.

## பி.இ. எண் என்றால் என்ன

திருப்பூர், ஈரோடு பக்கம் நூல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு டெனியர் புதிதல்ல. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டெனியர். இழை தடிக்கத் தடிக்க எடை கூடும், டெனியரும் கூடும். பிரெய்டு மென்மையானது, அழுத்தினால் தட்டையாகும். அளவுகோல் வைத்து அதன் விட்டத்தை நம்பி அளக்க முடியாது. எடையை யாரும் ஏமாற்ற முடியாது. ஆகவே ஜப்பானியத் தூண்டில் சாமான் உற்பத்தியாளர்கள் எடையை வைத்தே ஒரு அளவை வகுத்தார்கள். 200 டெனியர் என்றால் பி.இ. 1. 400 டெனியர் பி.இ. 2. 600 டெனியர் பி.இ. 3. பி.இ. என்பது பாலிஎத்திலீன் என்பதன் சுருக்கம்.

விட்டமாகச் சொன்னால் பி.இ. 1 சுமார் 0.165 மில்லிமீட்டர், பி.இ. 2 சுமார் 0.235, பி.இ. 3 சுமார் 0.285, பி.இ. 4 சுமார் 0.33. எண் இரண்டு மடங்கானால் விட்டம் இரண்டு மடங்காவதில்லை, குறுக்கு வெட்டின் பரப்புதான் இரண்டு மடங்காகும். விட்டம் இரட்டிக்க பி.இ. 1-லிருந்து 4-க்குப் போக வேண்டும். இதனால் ரீலின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. பி.இ. 2 நரம்பு 300 மீட்டர் கொள்ளும் ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) பி.இ. 3 சுமார் 200 மீட்டரும், பி.இ. 4 சுமார் 150 மீட்டரும் கொள்ளும்.

இனி பவுண்டுக்கு வருவோம். நல்ல ஜெல் நூற்பு இழை, ஒரு டெனியருக்கு ஏறக்குறைய 35 முதல் 45 கிராம் வரை தாங்கும். பி.இ. 1 என்பது 200 டெனியர். பெருக்கினால் 7 முதல் 9 கிலோ, அதாவது 15 முதல் 20 பவுண்டு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பெட்டிகளை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். "0.16 மி.மீ., 40 பவுண்டு" என்று ஒரு பெட்டி சொன்னால் இரண்டில் ஒன்று பொய். அந்தத் தடிமனில் 40 பவுண்டு தாங்கும் தூண்டில் இழை இல்லை. பெரும்பாலும் பொய்யாக இருப்பது விட்டம்தான். உள்ளே இருக்கும் நரம்பு எழுதியதைவிடத் தடித்திருக்கும், பவுண்டு ஓரளவு சரியாக இருக்கும். 250 மீட்டர் கொள்ளும் என்று நினைத்த ரீல் 140 மீட்டரிலேயே நிரம்பி, மீதி நரம்பு பெட்டியில் தங்கினால் காரணம் இதுவே.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சிறு மின் தராசு போதும். நரம்பு சுற்றுவதற்கு முன்னும் பின்னும் ரீலின் ஸ்பூலைக் கழற்றி நிறுத்துப் பாருங்கள். பி.இ. 2 நரம்பு 100 மீட்டருக்கு 4.4 கிராம், 300 மீட்டருக்கு 13 கிராம் சுமார். மேல்பூச்சுக்கு ஒன்றிரண்டு கிராம் கூடுதலாக விட்டுக்கொடுக்கலாம். 22 கிராம் ஏறியிருந்தால் நீங்கள் வாங்கியது பி.இ. 2 அல்ல, பி.இ. 3-க்கும் மேலே.

சில கம்பெனிகள் பவுண்டைக் குறைத்தும் எழுதும். 30 என்று போட்டிருக்கும், 40-க்கு மேல்தான் அறும். இது கேட்க நல்லதாகத் தோன்றினாலும் அந்தக் கூடுதல் வலுவும் தடிமனிலிருந்து வந்ததே. இரண்டு கம்பெனிகளின் "30 பவுண்டு" ஒன்றல்ல. நல்ல கம்பெனிகளின் "பி.இ. 2" ஏறக்குறைய ஒன்று.

சுருக்கமாக: பி.இ. எண் தடிமனைச் சொல்கிறது. ரீல் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு தூரம் எறியலாம், நீரோட்டம் எவ்வளவு தள்ளும் என்ற மூன்றையும் தடிமனே முடிவு செய்கிறது. பவுண்டு அதன் பின்னால் வரும் எண்.

## நாலு இழையா, எட்டு இழையா?

சடையை மூன்று கால் போட்டும் பின்னலாம், ஐந்து கால் போட்டும் பின்னலாம். கால் கூடினால் ஒவ்வொரு காலும் மெலியும், சடை உருண்டையாக, வழவழப்பாக வரும். பிரெய்டிலும் அப்படியே. பெட்டியில் எக்ஸ்4, எக்ஸ்8 என்று எழுதியிருப்பது எத்தனை இழைக் கற்றைகளைச் சேர்த்துப் பின்னியது என்பதைக் குறிக்கிறது.

எட்டு இழை பிரெய்டு ராடின் வளையங்களில் சத்தமில்லாமல் ஓடும், சற்றுக் கூடுதல் தூரம் போகும், விரலையும் குறைவாக அறுக்கும். நாலு இழையில் மேற்பரப்பு சொரசொரப்பு. எறியும்போதும் சுற்றும்போதும் "சர்ர்" என்று கேட்கும். ஆனால் அதன் ஒவ்வொரு கற்றையும் தடித்தது. கல்லில் உரசும்போது ஒரு கற்றை முழுதாக அறுபட நேரமாகும். எட்டு இழையில் கற்றைகள் மெலிந்தவை, சீக்கிரம் பிய்ந்து முடி நிற்கும். நாலு இழை விலையும் குறைவு.

கருங்கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய தடுப்புச் சுவர்களான தூண்டில் வளைவுகளில் நின்று பிடிப்பவருக்கு நாலு இழை போதும், பல நாள் அதுவே மேல். படகிலிருந்து ஜிக் போடுபவரும், திறந்த கரையிலிருந்து தூரம் எறிபவரும் எட்டுக்குப் போகலாம். 12, 16 என்று அதற்கு மேல் போவதில் முதல் நரம்பு வாங்குபவருக்குப் பயனில்லை.

இழை எண்ணிக்கையைவிட முக்கியமானது பின்னலின் இறுக்கம். ஒரு சாண் நரம்பை இரு கையிலும் பிடித்து, விரல்களை நெருக்கி நடுவைத் தளர்த்துங்கள். மலிவான பிரெய்டு உடனே விரிந்து, உள்ளே தனித்தனி இழைகள் தெரியும். நெருக்கிப் பின்னியது மெல்லிய கம்பி போல வளைந்து நிற்கும், விரியாது. விரியும் பின்னலுக்குள் மணலும் உப்பும் புகும். புகுந்தவை இழைகளை உள்ளிருந்தே அறுக்கும். புதுப் பிரெய்டின் மேல்பூச்சு இந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடும் என்பதால் நகத்தால் இரண்டு மூன்று முறை வழித்துவிட்டுப் பாருங்கள்.

## எந்த இடத்துக்கு எந்த எண்

முகத்துவாரம், உப்பங்கழி, அலையாத்தி ஓரம். இங்கே கொடுவா, செப்பிலி, சின்னப் பாறை. எறியும் லூர் (போலி இரை) 10 முதல் 30 கிராம். 3000 அல்லது 4000 அளவு ரீலில் பி.இ. 1 முதல் 1.5 வரை, 150 மீட்டர் போதும். அலையாத்தி வேர் நெருக்கமான இடமென்றால் 2. அதற்கு மேல் தடித்தால் 15 கிராம் லூர் பறக்காது, பத்துப் பதினைந்து மீட்டர் குறைந்து விழும். மீன் இருக்கும் இடத்துக்கு லூர் போகாவிட்டால் எண்பது பவுண்டு இருந்து என்ன பயன்?

துறைமுகச் சுவர், தூண்டில் வளைவுக் கற்கள். லூர் 30 முதல் 60 கிராம், மீன் கல்லுக்குள் ஓடப் பார்க்கும். 4000 முதல் 6000 வரையிலான ரீல், பி.இ. 2 முதல் 3, 200 மீட்டர்.

மணல் கரையிலிருந்து ஈயம் கட்டி எறிவதில்தான் புதியவர்கள் தடிமனில் அதிகம் தவறுகிறார்கள். 100 கிராம் ஈயம் என்பதால் தடித்த நரம்பு வேண்டும் என்று நினைக்கிறார்கள். தடித்த நரம்பு காற்றில் இழுபடும், அலை அதைப் பக்கவாட்டில் தள்ளி ஈயத்தை உருட்டும். முதன்மை நரம்பு பி.இ. 1.5 அல்லது 2 இருக்கட்டும். எறியும் வேகத்தின் அதிர்ச்சியைத் தாங்க, முன்னால் ஒரு தடித்த நைலான் துண்டு. அதன் வலுவுக்கு எளிய கணக்கு: ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 10 பவுண்டு. 100 கிராமுக்கு 35 அல்லது 40 பவுண்டு. நீளம், ராடைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். எறிய ஓங்கும்போது முடிச்சு ஸ்பூலுக்குள் நான்கைந்து சுற்று உள்ளே இருந்தால்தான் அதிர்ச்சி பிரெய்டில் ஏறாது. இந்தத் துண்டு இல்லாமல் எறிந்து நரம்பு அறுந்தால், 100 கிராம் ஈயம் கரையில் நிற்பவர் தலையைத் தேடிப் போகக் கூடும்.

படகில் 30 முதல் 60 மீட்டர் ஆழத்தில் ஜிக் போட பி.இ. 2 முதல் 3, குறைந்தது 300 மீட்டர். வஞ்சிரம் ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டர் எடுத்துவிடும். நீரோட்டம் நரம்பைத் தள்ளும் விசை விட்டத்தைப் பொறுத்தது. பி.இ. 4 போட்டவருக்கு 150 கிராம் ஜிக் தரை தட்டாத இடத்தில், பி.இ. 2 போட்டவருக்கு 100 கிராம் தட்டும். அந்தமானில் பெரும் பாறை மீனுக்குப் பாப்பர் (நீர்மேல் ஓட்டும் லூர்) எறிபவர்கள் பி.இ. 6 முதல் 8 வரை போடுகிறார்கள், 14000-க்கு மேற்பட்ட ரீலில். அது வேறு உலகம், அதற்கான ராடும் தோள் வலுவும் வேறு.

ஒரே ஒரு நரம்புதான் வாங்க முடியும் என்பவர் பி.இ. 2, நாலு இழை, 300 மீட்டர் வாங்கட்டும்.

## கல்லோடு மோத லீடர் வேண்டும்

இறுக இழுத்த பிரெய்டை சிப்பி ஒட்டிய கல்லில் ஒருமுறை உரசினால் போதும், அறுந்துவிடும். வலு குறைவதால் அல்ல. மெல்லிய இழைகள் முறுக்கேறி நிற்கும்போது, விளிம்பு ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டே போகும். எண்பது பவுண்டு ஒரு கிலோ பாறை மீனிடம் தோற்பது இங்கேதான். எனவே பிரெய்டின் முனையில் ஒன்று முதல் மூன்று மீட்டர் வரை நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் என்னும் இன்னொரு ஒற்றை இழை நரம்புத் துண்டைக் கட்டுகிறோம். இதுதான் லீடர். கல்லிலும் மீனின் செவுளிலும் உரசுவது இதன் வேலை, கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்குவதும் இதன் வேலை.

பி.இ. 1-க்கு 20 முதல் 25 பவுண்டு லீடர், பி.இ. 2-க்கு 35 முதல் 50, பி.இ. 3-க்கு 50 முதல் 70. கல் அதிகமான இடத்தில் நீளத்தைக் கூட்டுங்கள். ஃபுளோரோகார்பன் தண்ணீரில் மூழ்கும், தோல் கெட்டியானது, உரசலைத் தாங்கும். மேல்நீரில் பாப்பர் ஓட்டுபவர்களுக்கு நைலானே நல்லது, லூரின் மூக்கைக் கீழே இழுக்காது. வஞ்சிரம், ஊளி போன்ற பல்லுள்ள மீன்களுக்கு இரண்டும் போதாது, லீடர் முனையில் ஒரு சாண் கம்பி வேண்டும்.

எல்லாம் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் தோற்கும் இடம் பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் முடிச்சு. நைலானுக்குப் போடும் வழக்கமான முடிச்சைப் பிரெய்டில் போட்டால் மெழுகு போல வழுக்கி உருவிக்கொண்டு வரும். பிரெய்டிலேயே விழும் சாதாரண ஒற்றை முடிச்சு, அந்த இடத்தின் வலுவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும்.

தொடங்குபவர்களுக்கு இரட்டை யூனி முடிச்சு. பிரெய்டுப் பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் நாலு அல்லது ஐந்து. எச்சில் தொட்டு ஈரப்படுத்தி, மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் வெடுக்கென்று இழுத்தால் உரசல் சூட்டிலேயே இழை கெட்டுவிடும், 150 டிகிரிக் கணக்கு நினைவிருக்கட்டும்.

கை பழகியதும் எஃப்.ஜி. முடிச்சுக்கு மாறுங்கள். சாரம் கட்டுபவர்கள் சவுக்குக் கம்பில் கயிற்றை மாற்றி மாற்றிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இழுக்க இழுக்கக் கயிறு கம்பைக் கவ்வும். இங்கே லீடர்தான் கம்பு. அது வளைவதே இல்லை, அதனால் முடிச்சு மெலிந்து ராடின் வளையங்களில் தட்டாமல் போகும். பிரெய்டை ராடின் நுனிக்கும் கைக்கும் இடையே கம்பி போல இறுக்கிப் பிடித்து, லீடரை அதன்மேல் ஒருமுறை மேலாக, ஒருமுறை கீழாகக் கடத்தி 20 சுற்று. பிறகு பிரெய்டு முனையால் லீடரையும் நீள் பிரெய்டையும் சேர்த்து ஒரு அரைக்கட்டு. ஈரமாக்கிக் கையுறை போட்டுப் பலமாக இழுங்கள். பிரெய்டின் நிறம் ஒரு படி கருத்து, சுற்றுகள் இடைவெளியின்றி நெருங்கினால் கவ்விவிட்டது என்று பொருள். மேலும் ஐந்தாறு அரைக்கட்டு, லீடர் வாலை ஒட்ட வெட்டி, நீள் பிரெய்டின்மேல் மட்டும் இன்னும் நான்கைந்து அரைக்கட்டு. சுற்றும்போது பிரெய்டு தளர்ந்திருந்தால் சுற்றுகள் அகன்று விழும். அப்படிப்பட்ட முடிச்சு வீட்டில் இழுக்கும்போதே வழுக்கும், நல்லதே. பிரித்துத் திரும்பப் போடுங்கள்.

சுருக்கமாக: பிரெய்டு இழுப்பதற்கு, லீடர் உரசுவதற்கு. இரண்டையும் சேர்ப்பது முடிச்சு, அதன் வலுவே உங்கள் தூண்டிலின் வலு.

## ரீலில் சுற்றும்போது

வெறும் ஸ்பூலில் பிரெய்டைக் கட்டினால், மீன் இழுக்கும்போது மொத்தக் கட்டும் ஸ்பூலின்மேல் வழுக்கிச் சுழலும். டிராக்கை எவ்வளவு திருகினாலும் இறுகாது. டிராக் போய்விட்டது என்று ரீலைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் உண்டு. அடியில் ஐந்து முதல் பத்து மீட்டர் நைலான் சுற்றி அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள், அல்லது ஒரு சுற்று எலெக்ட்ரிக் டேப் ஒட்டுங்கள்.

நரம்பை ஈரத்துணியால் பிடித்து, விரலில் அழுத்தம் தெரியும்படி இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய நூற்கண்டில் மேல்நூல் உள்நூலுக்குள் புதைவது போல, பெரிய மீன் இழுக்கும்போது பிரெய்டு தன் அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கும், ஓடும் நரம்பு சட்டென்று நிற்கும், அறும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் எறியும்போது பல சுற்று ஒன்றாகக் கிளம்பிக் காற்றிலேயே சிக்கலாகும். எறிந்தபின் ரீலின் கம்பி வளையத்தைக் கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பாதிச் சிக்கல் வராது. தளர்ந்து விழுந்த ஒற்றைச் சுற்றுதான் அடுத்த எறிதலில் மற்றச் சுற்றுகளை இழுத்துக்கொண்டு கிளம்புகிறது.

டிராக் என்பது குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் தடை. அதை நரம்பின் வலுவில் கால்பங்குக்கு வையுங்கள். பி.இ. 2 நரம்பு 35 பவுண்டு, அதாவது 16 கிலோ என்றால் டிராக் 4 கிலோ. கையால் இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. காய்கறிக்காரர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசில் நரம்பைக் கட்டி, ராடை வளைத்துப் பிடித்து இழுத்துப் பாருங்கள். 4 கிலோ இழுவை எவ்வளவு கனம் என்பது அப்போதுதான் தெரியும்.

ராடின் வளையங்களையும் பார்த்துவிடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றினால் பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே கீறல் இருக்கிறது. அந்த வளையம் எந்தப் பிரெய்டையும் ஒரே நாளில் முடி நிற்க வைக்கும்.

## நிறம், கழுவுதல், திருப்பிச் சுற்றுதல்

பாலிஎத்திலீனில் சாயம் ஒட்டாது, மேலே பூசியதுதான். நான்கைந்து முறை போனதும் பச்சை வெளுக்கும், உங்கள் கையில் ஒட்டும். வெளுத்ததால் வலு குறையவில்லை. மீன் கண்ணில் படுவது லீடர், ஆகவே நிறத்தை உங்கள் கண்ணுக்குத் தக்கபடி எடுங்கள். ஜிக் போடுபவர்கள் பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் நரம்பை வாங்கினால் ஆழத்தை எண்ணிச் சொல்லலாம்.

வலு குறைந்ததைக் காட்டுவது நிறமல்ல, முடி. முனையிலிருந்து சில மீட்டரை விரல் நகத்தில் ஓட்டிப் பாருங்கள். பஞ்சு போல நூல் நின்றால், தட்டையாகி விறைத்திருந்தால், அந்த நீளத்தை வெட்டிவிடுங்கள். கல்லில் மீன்பிடித்த ஒவ்வொரு நாளும் முன்னால் இருக்கும் இரண்டு மூன்று மீட்டர் போகட்டும், முடிச்சைப் புதிதாகப் போடுங்கள். வெட்டக் கூர்மையான சிறு கத்தரி வேண்டும். நகவெட்டி பிரெய்டை நசுக்கும், வெட்டாது.

உப்பு உலர்ந்தால் படிகமாகும், பின்னலுக்குள் நின்று அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி மூடி, நல்ல தண்ணீரை மெதுவாக ஸ்பூலின்மேல் விட்டு, நிழலில் உலர்த்துங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்புநீர் ரீலுக்குள் போகும்.

அடியில் சிக்கினால் நரம்பைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. பட்டம் விடும் நூல் விரலை அறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, பிரெய்டு அதைவிட ஆழமாக இறங்கும். ஒரு முழ மரக்குச்சியில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, ராடை வளைக்காமல் நேராகப் பின்னால் நடங்கள். அறுந்து வரும் துண்டுகளைக் கற்களுக்கிடையே விடாமல் பைக்குள் போடுங்கள், அவை மக்காது.

300 மீட்டர் சுற்றிய ரீலில் பெரும்பாலும் வெளியே வருவது முதல் 80 மீட்டர்தான். ஒரு பருவம் முடிந்ததும் நரம்பை இன்னொரு ஸ்பூலுக்கு மாற்றி, அங்கிருந்து வேறொன்றுக்கு, பிறகு திரும்ப உங்கள் ரீலுக்கு என்று முனை மாற்றிச் சுற்றினால் அடியில் புதிதாகவே இருந்த பகுதி மேலே வரும். சுற்றி முடித்ததும் பி.இ. எண், மீட்டர், சுற்றிய மாதம் மூன்றையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஸ்பூலின் அடியில் ஒட்டிவிடுங்கள்.